படத்தில் வராத புள்ளிகள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், புள்ளியியல் துறையின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"புள்ளியியலைப் பற்றிப் பேசுங்கள், ஆனா ஃபார்முலா மட்டும் வேண்டாம்" என்று செயலாளர் போனிலேயே சொல்லிவிட்டார். சாப்பாட்டுக்கு முந்தைய நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய பயம் நியாயமானதுதான். ஆகவே பெரிய விஷயத்துக்கெல்லாம் போகாமல், பாடப்புத்தகத்தின் முதல் இரண்டு அத்தியாயங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விவரங்களைப் படமாக வரைவது, பிறகு அவற்றைச் சுருக்கி ஓரிரு எண்களில் சொல்வது. பி.காம்., பொருளாதாரம், கணிதம், விலங்கியல் என்று யார் எந்தப் பாடம் படித்திருந்தாலும் அல்லைடு பேப்பரில் இதைத் தொட்டிருப்பீர்கள். ரெக்கார்டு நோட்டில் கிராஃப் ஷீட் ஒட்டி, ஓரத்தில் ஸ்கேல் எழுதி, ஐந்து மார்க் வாங்கிக்கொண்டு மறந்தும் போயிருப்பீர்கள். வேலைக்குப் போன பிறகு தினமும் நமக்குத் தேவைப்படுவது அந்த இரண்டு அத்தியாயங்கள்தான். அவற்றைத் தாண்டி நாம் படித்ததெல்லாம் பலருக்குத் தேவைப்பட்டதே இல்லை.

முதலில் ஓர் உதாரணம். இது நானே கட்டியது, எந்த வகுப்பையும் குறிப்பதல்ல. இருபது பேர் உள்ள ஒரு வகுப்பு. தேர்வு முடிந்தது. ஆசிரியர் கூட்டிப் பார்க்கிறார், மொத்தம் 1060. சராசரி 53. "பரவாயில்லை, சுமாரான வகுப்பு" என்று ரிஜிஸ்டரில் எழுதிவிடுகிறார். துறைத்தலைவரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

அந்த மார்க்குகளைத் தண்டு-இலை வரைபடமாக எழுதுவோம். பத்தாம் இட எண் இடது பக்கம், அதுதான் தண்டு. ஒன்றாம் இட எண்கள் வலது பக்கம் வரிசையாக, அவை இலைகள்.

2 | 4 6 8 9
3 | 0 1 2 4 5 7
4 |
5 |
6 | 2
7 | 0 1 2 4 5
8 | 0 1 3 6

இப்போது பாருங்கள். சராசரி 53. ஆனால் ஐம்பதுகளில் ஒருத்தரும் இல்லை. நாற்பதுகளிலும் இல்லை. 37க்கும் 62க்கும் நடுவில் வெறும் காலி. இடைநிலை எவ்வளவு? பத்தாவது ஆள் 37, பதினொன்றாவது ஆள் 62, இரண்டுக்கும் நடுவில் 49.5. அதுவும் ஆளில்லாத இடம். முகடு? ஒரே மார்க்கை இரண்டு பேர் எடுக்கவில்லை, ஆகவே முகடே கிடையாது. திட்ட விலக்கம் போட்டால் சுமார் 23 வரும். "53, கூட்டல் கழித்தல் 23" என்று எழுதிவைத்தால் கேட்கிறவர் மனதில் என்ன படம் தோன்றும்? நடுவில் கூட்டம், இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் பேர் என்றுதானே? உண்மை அதற்கு நேர் எதிர்.

இது ஒரு வகுப்பே அல்ல, ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிற இரண்டு வகுப்புகள். பத்துப் பேருக்கு அடிப்படையே புரியவில்லை. பத்துப் பேருக்கு நன்றாகவே புரிகிறது. ஏன் இப்படி என்று அந்தப் படம் சொல்லாது. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள், ஆங்கில வழியில் படித்து வந்தவர்கள் என்ற பிரிவாக இருக்கலாம், பிளஸ் டூவில் கணிதம் படித்தவர்கள், படிக்காதவர்கள் என்றும் இருக்கலாம். அதைப் போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் கேட்க வேண்டும் என்ற எண்ணமே படத்தைப் பார்த்தால்தான் வரும். 53ஐ மட்டும் பார்த்தவர் 53 மார்க் வாங்குகிற பையனை மனதில் வைத்துப் பாடம் நடத்துவார். அப்படி ஒரு பையன் அந்த அறையில் இல்லை.

சராசரியும் திட்ட விலக்கமும் வீண் என்று நான் சொல்லவில்லை. விவரங்கள் நடுவில் குவிந்து, இரண்டு பக்கமும் சமமாகச் சரிந்து, மணி வடிவத்தில் இருந்தால் அந்த இரண்டு எண்களே போதும். ஏறக்குறைய 68 சதவீதம் பேர் ஒரு திட்ட விலக்கத்துக்குள் அடங்கிவிடுவார்கள். ஒரே வயதுப் பெண்களின் உயரத்தை அளந்தால் அநேகமாக அப்படித்தான் வரும். சிக்கல் என்னவென்றால், மணி வடிவமா இல்லையா என்பதை அந்த இரண்டு எண்களும் சொல்லாது. மழையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு ஆண்டு மழை சராசரியாகச் சுமார் 1400 மில்லிமீட்டர். பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 117. அப்படி 117, 117 என்று ஒழுங்காகப் பெய்தால் சென்னைக்குத் தண்ணீர்ப் பஞ்சமும் வராது, வெள்ளமும் வராது. நடப்பது என்ன? பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் தூறலோடு சரி. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய அதே ஊரில்தான் 2019 கோடையில் ஏரிகள் வற்றித் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஜனங்கள் குடத்தோடு ஓடினார்கள். சராசரிக்கு அது எதுவும் தெரியாது.

படம் வரைவது என்பது ஏதோ கணக்கு வராதவர்களுக்கான அலங்காரம் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. 1786இல் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைக் கோட்டுப் படமாகப் போட்டுப் புத்தகம் வெளியிட்ட காலத்திலிருந்தே இந்த இளக்காரம் இருக்கிறது. அதைப் போக்குவதற்கென்றே 1973இல் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியல் அறிஞர் ஒரு சின்ன வேலை செய்தார். நான்கு விவரத் தொகுதிகளை உருவாக்கினார். ஒவ்வொன்றிலும் பதினோரு ஜோடி எண்கள். நான்கிலும் முதல் எண்ணின் சராசரி 9, இரண்டாவது எண்ணின் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு 0.816. பொருத்துகிற நேர்கோட்டின் சமன்பாடும் நான்குக்கும் ஒன்றே. கம்ப்யூட்டரில் போட்டால் நான்கும் ஒட்டிப் பிறந்தவை என்று சொல்லும்.

கிராஃப் ஷீட்டில் புள்ளி வைத்தால்? முதலாவது சாதாரணச் சிதறல், கோட்டைச் சுற்றிப் புள்ளிகள். இரண்டாவது வில்போல வளைந்த கோடு, அங்கே நேர்கோட்டுக்கு வேலையே இல்லை. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக நிற்கின்றன, ஒரு புள்ளி மட்டும் தனியே மேலே ஒதுங்கி முழுக் கோட்டையும் இழுத்துவிட்டது. நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒரே செங்குத்து வரிசையில், பதினொன்றாவது எங்கோ தூரத்தில். அந்த ஒரு புள்ளியை எடுத்துவிட்டால் உறவே இல்லை. நம் மாணவர்கள் இன்றைக்கே அறைக்குப் போய் இந்த எண்களைத் தேடியெடுத்துக் கையால் வரைந்து பார்க்க வேண்டும். எக்செல்லில் இல்லை, கையால். ஒவ்வொரு புள்ளியாக வைக்கும்போது கிடைக்கிற அறிவு வேறு. (எக்செல்லில் வருகிற அந்த முப்பரிமாண வட்டப் படத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பது நல்லது. முதல்வர் ஆண்டறிக்கையில் நான்கு இருக்கிறது.)

இதுவரை சொன்னது மார்க், மழை, கணக்கு. இனிச் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது.

ஸ்டீபன் ஜே கூல்ட் என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர். தொல்லுயிரியல் அறிஞர், நல்ல எழுத்தாளரும்கூட. 1982 ஜூலையில் அவருக்கு வயிற்றில் மீசோதீலியோமா என்ற அரிய வகைப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். வயது நாற்பது. அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவரிடம், "இதைப் பற்றி என்ன படிக்கலாம்?" என்ற மாதிரி கேட்டிருக்கிறார். படிக்கத் தகுந்ததாக எதுவும் இல்லை என்று அந்த அம்மையார் நாசூக்காகச் சொல்லிவிட்டார். நடக்க முடிந்ததும் இவர் மருத்துவ நூலகத்துக்கே போய்விட்டார். போனவுடன் ஏன் அப்படிச் சொன்னார் என்று புரிந்துவிட்டது. குணமாகாத நோய், கண்டுபிடித்ததிலிருந்து இடைநிலை ஆயுள் எட்டு மாதம்.

நம்மில் யாராக இருந்தாலும் என்ன நினைப்போம்? "எட்டு மாசம்தான்" என்று. வீட்டில் சொல்லி, எழுத வேண்டியதை எழுதிவைத்து, உட்கார்ந்துவிடுவோம். கூல்ட் கொஞ்ச நேரம் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு முதலாண்டு மாணவன் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். இடைநிலை என்றால் என்ன அர்த்தம்? பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள், மீதிப் பாதிப் பேர் அதற்குமேல். சரி, அந்த மேல்பாதி எவ்வளவு தூரம் போகிறது?

இங்கேதான் படத்தின் வடிவம் வருகிறது. இடது பக்கம் ஒரு சுவர் இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே யாரும் போக முடியாது. ஆகவே முதல் பாதிப் பேர் பூஜ்யத்துக்கும் எட்டுக்கும் நடுவில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். வலது பக்கம் சுவர் இல்லை. அந்தப் பாதி இரண்டு வருஷம், ஐந்து வருஷம், அதற்கும் அப்பால் என்று மெலிந்த வாலாக நீளலாம். நம் பாடத்தில் இதற்கு வலப்பக்கக் கோட்டம் என்று பெயர். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி! கூல்ட் படித்துப் பார்த்தார். வால் உண்மையிலேயே நீளமாக இருந்தது. அடுத்த கேள்வி, அந்த வாலில் நிற்கிறவர்கள் யார், நான் அவர்களில் ஒருவனாக இருக்க வாய்ப்பு உண்டா? வயது குறைவு, நோய் சீக்கிரமாகவே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, நல்ல மருத்துவமனை, புதிய சிகிச்சை முறையும் கிடைக்கிறது. வாய்ப்பு இருக்கிறது என்று முடிவுசெய்தார்.

1985இல் இதையெல்லாம் அவர் ஒரு கட்டுரையாக எழுதினார். அதற்குப் பிறகும் எத்தனையோ புத்தகங்கள் எழுதினார். 2002இல்தான் காலமானார், அதுவும் வேறொரு புற்றுநோயால். எட்டு மாதம் என்று படித்த நாளிலிருந்து இருபது ஆண்டுகள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கோட்டத்தைப் புரிந்துகொண்டதால் அவர் பிழைத்தார் என்பது அல்ல. அவர் ஆறே மாதத்தில் இறந்திருந்தாலும் அவருடைய கணக்கு சரியான கணக்குத்தான். அவருக்குக் கிடைத்தது நிதானம். ஓர் எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், அதன் பின்னால் இருந்த மொத்தக் கூட்டத்தையும் பார்க்கத் தெரிந்தது. நம் குடும்பங்களில் டாக்டர் ஓர் எண்ணைச் சொன்னால் அதற்குமேல் கேட்க வாய் வருவதில்லை. "சராசரியா, இடைநிலையா? எத்தனை பேரைப் பார்த்துச் சொல்கிறார்கள்? நீண்ட நாள் இருந்தவர்கள் யார்?" என்று மரியாதையாகக் கேட்கலாம், தப்பில்லை. நம் கல்லூரியில் படித்ததற்கு அந்தப் பயனாவது இருக்கட்டும்.

அடுத்தது, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

1986 ஜனவரி 28ஆம் தேதி காலை, அமெரிக்காவில் ஃபுளோரிடாவிலிருந்து சேலஞ்சர் என்ற விண்வெளி ஓடம் கிளம்பியது. 73 வினாடியில் சிதறியது. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அதில் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப். தங்கள் டீச்சர் வானத்துக்குப் போவதைப் பிள்ளைகள் பள்ளிக்கூடங்களில் டி.வி. வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வயதுக்காரர்களுக்கு அந்தப் புகை இரண்டாகப் பிரிந்த புகைப்படம் நினைவிருக்கும்.

காரணம் ஒரு ரப்பர் வளையம். ஓடத்தின் இரு பக்கமும் இருந்த திட எரிபொருள் ராக்கெட்டுகள் துண்டு துண்டாகச் செய்து இணைக்கப்பட்டவை. இணைப்பில் சூடான வாயு கசியாமல் இருக்க ரப்பர் வளையங்கள். விட்டம் 12 அடி, தடிமன் கால் அங்குலம்தான். நம் வீட்டுக் குக்கர் கேஸ்கெட்டின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட் தளர்ந்துபோனால் ஃப்ரீசரில் வைத்து இறுக்கி எடுக்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஏனென்றால் குளிரில் ரப்பர் விறைத்துவிடும். குக்கருக்கு அது உதவலாம். ராக்கெட்டுக்கு உதவாது. வினாடிக்குள் விரிந்து இடைவெளியை அடைக்க வேண்டிய வளையம் விறைத்து நின்றால் வாயு கசிந்துவிடும்.

ஏவுவதற்கு முந்தின இரவு, ராக்கெட் செய்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் என்ஜினியர்களும் நாசா அதிகாரிகளும் தொலைபேசி வழியாகக் கூடிப் பேசினார்கள். மறுநாள் கடும் குளிர் என்று முன்னறிவிப்பு. இணைப்பின் வெப்பநிலை 31 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்கு இறங்கலாம், அதாவது உறைநிலைக்கும் சற்றுக் கீழே. அதுவரை பறந்ததிலேயே மிகக் குளிரான தடவை 53 டிகிரி, நம் கணக்கில் ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே ஏவ வேண்டாம் என்று என்ஜினியர்கள் சொன்னார்கள். 13 தாள்களை ஃபேக்ஸில் அனுப்பினார்கள்.

எதிர்க்கேள்வி வந்தது. வளையங்கள் பாதிக்கப்பட்ட பழைய பயணங்களைப் பாருங்கள், 53 டிகிரியிலும் பாதிப்பு, 75 டிகிரியிலும் பாதிப்பு. குளிரிலும் வருகிறது, சூட்டிலும் வருகிறது. அப்புறம் குளிர்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

நியாயமான கேள்வி மாதிரிதானே இருக்கிறது? வளையம் பாதிக்கப்பட்ட பயணங்கள் ஏழு. வெப்பநிலைகள் 53, 57, 58, 63, 70, 70, 75. இந்த ஏழையும் மட்டும் வைத்துப் படம் போட்டால் இரண்டு ஓரத்திலும் அதிகம், நடுவில் குறைவு. ஒரு போக்கும் தெரியாது. சராசரி போட்டால் 63.7 வரும், அதற்கும் அர்த்தமில்லை.

ஆனால் அதுவரை பறந்தவை ஏழல்ல, இருபத்துநான்கு. பாதிப்பே இல்லாமல் திரும்பிய மற்றப் பயணங்கள் எங்கே? அவற்றில் எதுவும் நடக்கவில்லை, ஆகவே சொல்ல ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். எதுவும் நடக்காததுதான் அங்கே மிகப் பெரிய செய்தி! விபத்துக்குப் பிறகு ரோஜர்ஸ் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் எல்லாப் பயணங்களையும் ஒரே தாளில் போட்டுக் காட்டியது. 66 டிகிரியோ அதற்கு மேலோ இருந்த 20 பயணங்களில் பாதிப்பு மூன்றில்தான். 63 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்த நான்கு பயணங்களில் நான்கிலும். அந்தப் பூஜ்யங்கள் எல்லாம் படத்தின் வலது பக்கம், சூட்டுப் பக்கம் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. குளிர்ப் பக்கம் ஒரு பூஜ்யம்கூட இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டினாலும் "குளிர்ல கிளம்ப வேண்டாம் சார்" என்று சொல்லும்.

இன்னொன்று. படத்தின் கிடை அச்சை 50இலிருந்து ஆரம்பித்தால் இவ்வளவுதான் தெரியும். 30இலிருந்து ஆரம்பித்துப் போடுங்கள். 53க்கு இடப்பக்கம் ஒரு புள்ளியும் இல்லாத வெற்றுத் தாள், அந்த வெற்றுத் தாளின் கோடியில் மறுநாள் காலை ஏவப்போகிற 31 டிகிரி. நமக்கு அனுபவமே இல்லாத இடத்துக்கு எவ்வளவு தூரம் தாவப்போகிறோம் என்பது கண்ணுக்கு உறைக்கும். எட்வர்ட் டஃப்டி என்ற வரைபட அறிஞர் 1997இல் எழுதிய நூலில் இப்படி ஒரு படத்தை வரைந்து காட்டி, அன்றிரவு அனுப்பிய 13 தாள்களில் ஒன்றுகூட இப்படி இல்லையே என்று கண்டித்தார்.

டஃப்டி சொன்னதை அப்படியே நான் ஒப்புக்கொள்ளவில்லை. இதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த என்ஜினியர்கள்தான் வேண்டாம் என்று சொன்னவர்கள். ரோஜர் பாய்ஷோலி, ஆர்னி தாம்ப்சன் போன்றவர்கள் கடைசிவரை வாதாடினார்கள். எல்லாப் பயணங்களின் வெப்பநிலையும் அன்று அவர்கள் கையில் இல்லை என்று பின்னால் டஃப்டிக்குப் பதில் எழுதப்பட்டது. நிறுவனத்தின் மேலாளர்கள் தனியே அரை மணி நேரம் கூடிப் பேசி, என்ஜினியர்களின் முடிவை மாற்றிச் சொன்னார்கள். நேரமும் நெருக்கடியும் அதிகாரமும் சேர்ந்து செய்த வேலையை ஒரு கிராஃப் ஷீட்டின் தலையில் கட்டக் கூடாது. ஆனாலும் அந்த அறையில் "குளிரிலும் வருகிறது, சூட்டிலும் வருகிறது" என்ற வாதத்தை நிற்க வைத்தது ஏழு புள்ளிகள்தான். அதை உட்கார வைக்க மற்றப் புள்ளிகள் தேவைப்பட்டன. 1989இல் மூன்று புள்ளியியலாளர்கள் எல்லா விவரங்களையும் வைத்துக் கணக்கிட்டு, 31 டிகிரியில் பேரிழப்புக்கான நிகழ்தகவு குறைந்தது 13 சதவீதம் என்றும், 60 டிகிரி வரும்வரை காத்திருந்தால் அது வெகுவாகக் குறைந்திருக்கும் என்றும் காட்டினார்கள். அவர்களுடைய முறை நம் எம்.எஸ்ஸி. பாடம். ஆனால் தேவைப்பட்ட முதல் படி பி.எஸ்ஸி. முதலாண்டுப் பாடம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இங்கே இருக்கிற இறுதியாண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனதில் ஓடுவது ஒன்றுதான், பிளேஸ்மென்ட். எந்தக் கல்லூரி விளம்பரத்தைப் பார்த்தாலும் "சராசரிச் சம்பளம் இத்தனை லட்சம்" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். பெற்றோர் அதைப் பார்த்து நகையை அடகு வைத்துப் பிள்ளையைச் சேர்க்கிறார்கள். மறுபடியும் நானே கட்டிய கணக்கு ஒன்று. பத்துப் பேருக்கு வேலை கிடைத்தது. ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு 3 லட்சம். ஒரே ஒரு பிள்ளைக்கு 33 லட்சம். கூட்டினால் 60, சராசரி 6 லட்சம். விளம்பரத்தில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பத்துப் பேரில் 6 லட்சம் வாங்குகிறவர் யாரும் கிடையாது. இடைநிலை 3 லட்சம்.

இதுவரை பலரும் சொல்வதுதான். சேலஞ்சர் கதையைக் கேட்டவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். அந்த வகுப்பில் மொத்தம் எத்தனை பேர்? நாற்பது பேர் என்றால் மீதி முப்பது பேர் எங்கே? அவர்களும் புள்ளிகள்தான். "எதுவும் நடக்கவில்லை" என்று விட்டுவிட்ட புள்ளிகள். நாற்பதையும் சேர்த்துப் போட்டால் இடைநிலை பூஜ்யம். மேற்படிப்புக்குப் போனவர்கள் இருப்பார்கள், அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் இருப்பார்கள், வேலையே தேடாதவர்களும் இருப்பார்கள். அவர்களை வேலை கிடைக்காதவர்களோடு சேர்ப்பதும் தப்பு. தனி நிறத்தில் காட்டலாம். காட்டாமல் விடக் கூடாது.

ஆகவே சங்கத்துக்கு என்னுடைய வேண்டுகோள் ஒன்று. செயலாளரிடம் முன்கூட்டியே பேசிவிட்டேன், அவரும் தலையாட்டினார், ஆகையால் இங்கே சபையறியச் சொல்கிறேன். நம் கல்லூரியின் பிளேஸ்மென்ட் விவரத்தை அடுத்த ஆண்டிலிருந்து ஒரே எண்ணாக எழுத வேண்டாம். துறைக்கு ஒரு கிராஃப் ஷீட். கிடை அச்சில் ஆண்டுச் சம்பளம், பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வகுப்பில் எத்தனை பேரோ அத்தனை புள்ளிகள், பெயர் வேண்டாம். வேலை தேடிக் கிடைக்காதவர்கள் பூஜ்யத்தின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக. மேற்படிப்புக்குப் போனவர்கள் பச்சை மையில், தனியாக ஓர் ஓரத்தில். சராசரியையும் இடைநிலையையும் கீழே குறிக்கலாம். ஆட்சேபனை வரும் என்று தெரியும், பக்கத்து ஊர்க் கல்லூரி விளம்பரத்துக்குப் பக்கத்தில் நம்முடையது சோகமாகத் தெரியும். தெரியட்டுமே! பூஜ்யத்தின்மேல் உயர்ந்து நிற்கிற புள்ளிகளைப் பார்த்துத்தான், இந்த அரங்கில் கம்பெனி நடத்துகிற, அதிகாரியாக இருக்கிற என் நண்பர்களுக்கு எத்தனை பிள்ளைகளுக்குக் கை கொடுக்க வேண்டும் என்று தெரியும். சராசரி 6 லட்சம் என்று படித்தால் நம் உதவி தேவையில்லை என்று அல்லவா நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்?

புள்ளியியல் இரண்டாம் ஆண்டு மாணவியர் நான்கு பேர் தாங்களே வரைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். விவரம் திரட்டுவதற்குத் துறைகள் ஜூன் மாதத்துக்குள் பட்டியல் கொடுத்தால் போதும். செலவு ஒரு கட்டு கிராஃப் ஷீட், ஒரு பச்சை மைப் பேனா. அந்தச் செலவை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது. பொறுமையாகக் கேட்டீர்கள், பின்வரிசையில் சாப்பாட்டு வாசனை வந்த பிறகும் எழுந்து போகவில்லை.